பதினொரு இழுப்பு ஆழம்

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் காபியைப் பற்றி ஊரில் சொல்வதெல்லாம் அபாண்டம், மேடம். நன்றாகவே இருக்கிறது. இன்னொரு கோப்பை கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சொல்ல வந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவசரமாகச் சொன்னால் என்னைத் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள்.

உங்கள் அப்பா லைல் என் கடையில்தான் இருபது வருஷம் தூண்டிலுக்கு மீன்குஞ்சு வாங்கினார். அதனால் கிராப்பி மீனைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனாலும் நீங்கள் அதை எழுதிக்கொள்வது நல்லது. நீதிபதி வெளியூர்க்காரராக இருந்துவிட்டால் வம்பு.

வசந்தத்தில் கிராப்பியை யாரும் பிடிக்கலாம். முட்டையிடக் கரைக்கு வந்து நிற்கும். சின்னப் பையன்கூட ஒரு கழியோடு போய் வாளி நிறையக் கொண்டுவருவான். ஜூலையில்தான் ஆள் யாரென்று தெரியும். நம் ஏரி முப்பதடி ஆழத்திலும் கூழாங்கல்லை எண்ணலாம் போலத் தெளிந்த தண்ணீர். வெயில் ஏற ஏற மீன் கீழே இறங்கும். அதற்காக அடிவரைக்கும் போய்விடாது. மேலே வெந்நீர், கீழே ஐஸ் தண்ணீர். நடுவில் கத்தியால் அறுத்தாற்போல ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே மீனுக்கு மூச்சு கிடையாது. ஆகவே கோட்டுக்குச் சற்று மேலே, நிழலும் மறைவும் கிடைக்கிற இடத்தில், இலை போல அசையாமல் நிற்கும். அந்த மறைவு எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

சிலருக்கு அது தற்செயலாகக் கிடைக்கும். எனக்குக் கிடைக்கவில்லை, நான் செய்தேன். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், பிப்ரவரிக் குளிரில், என் மச்சான் நிலத்தில் தேவதாரு மரம் வெட்டினேன். பதினான்கு மரம். ஒவ்வொன்றின் காலிலும் மூன்று சிமெண்ட் கல்லைக் கட்டி, ஆள் நடமாட்டம் இல்லாத பனிமூட்டக் காலைகளாகப் பார்த்து, தனியாகப் படகில் கொண்டுபோய் ஏரிக்குள் இறக்கினேன். ஒரு மரம் என்னையும் சேர்த்து இறக்கப் பார்த்தது. முதுகு அன்றைக்குப் போனதுதான், இன்னும் திரும்பவில்லை. பிறகு வருஷத்துக்கு இரண்டு மரம் புதிதாகப் போட்டேன். தேவதாரு அழுக நாளாகும்.

இடம் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. கரையில் இரண்டு அடையாளம் ஒரு கோட்டில் வரவேண்டும், இன்னும் இரண்டு வேறொரு கோட்டில் வரவேண்டும். அவை எவை என்று கேட்காதீர்கள். அங்கே தண்ணீருக்கு ஆறடி கீழே, பச்சை பெயிண்ட் அடித்த ஒரு காலி பிளாஸ்டிக் பால் குடுவையை மிதக்க விட்டிருந்தேன். உச்சி வெயிலில் நேர்மேலே நின்று குனிந்தால் மட்டும் தெரியும். அதை மரத்தோடு இணைத்தது வைக்கோல் கட்டுகிற மஞ்சள் கயிறு. குடுவையைக் கொக்கிக் கழியால் தூக்கி, அதில் படகைக் கட்டி, தூண்டில் நரம்பைக் கையால் இழுத்து அளந்து விடுவேன். ஒரு இழுப்பு இரண்டடி. பதினொரு இழுப்பு. தக்கை அசையாது, சாயும், அவ்வளவுதான். அதற்கப்புறம் இழுக்கக் கூடாது. மீனின் வாய் காகிதம், கிழிந்துவிடும். தூக்க வேண்டும்.

வென்டல் ஸ்ட்ரௌட் பற்றிச் சொல்கிறேன். அவன் என் நண்பன். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, நீங்களும் படக்கூடாது. முப்பது வருஷமாக என் படகு மோட்டாரை அவன்தான் பழுது பார்த்தான். என் கல்யாணத்தில் என் பக்கத்தில் நின்றான், என் மனைவியைப் புதைத்தபோதும் நின்றான். மீன் விஷயத்தில் மட்டும் அவன் ஒரு சோம்பேறி. படகுத்துறைகளின் நிழலில் தூண்டில் போட்டு, உள்ளங்கை அகலம்கூட இல்லாததைப் பிடித்துக்கொண்டு வருவான். பாப்டிஸ்ட் சர்ச்சில் ஜூலை மாதம் மீன் வறுவல் விருந்து நடக்குமே, அதற்குப் பத்தொன்பது வருஷமாக மீன் என்னுடையது. அவன் கொண்டுவருவதைச் சோளமாவில் புரட்டினால் மாவுதான் மிஞ்சும் என்று நான் சொல்வேன். அவனே முதலில் சிரிப்பான்.

இந்த வருஷம் அவன் ஒரு ஐஸ் பெட்டியை இரண்டு கையால் தூக்கிக்கொண்டு வந்தான். நாற்பது மீன். ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு. பெண்கள் கூடிவிட்டார்கள். பாதிரியார் என்னைப் பார்த்து, "எம்மெட், உனக்கு வாரிசு வந்தாச்சு போல" என்றார்.

"எங்கடா பிடிச்ச?" என்று கேட்டேன்.

"தண்ணியிலதான்" என்றான் வென்டல்.

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இந்த ஏரியில் அந்தக் கேள்விக்கு அதுதான் பதில். உங்கள் அப்பாவும் அதைத்தான் சொல்லியிருப்பார். இடத்தைக் கேட்பது மரியாதையில்லை, சொல்வது முட்டாள்தனம்.

சர்ச்சுக்குப் பின்னால் மேஜை போட்டு அந்த மீனை நான்தான் சுத்தம் செய்தேன். அவனுடைய தூண்டில் பெட்டி பக்கத்தில் திறந்து கிடந்தது. ஒரு கொக்கியின் வளைவில் மஞ்சள் கயிற்று இழை சுற்றியிருந்தது. இந்த ஏரியில் வேறு சிலரும் மரம் போடுகிறார்கள். மூங்கில் போடுவார்கள், பிளாஸ்டிக் குழாய் போடுவார்கள். மஞ்சள் கயிறு நான் ஒருத்தன்தான். முகர்ந்து பார்த்தேன், தேவதாரு வாசனை இருந்தது. அல்லது இருந்ததாக நினைத்தேன். கத்தியைக் கழுவிவிட்டு மிச்ச மீனையும் முடித்தேன். விருந்து நன்றாகவே நடந்தது.

வாய்விட்டுக் கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் யோசியுங்கள். "என் மரத்தில் நீ மீன் பிடித்தாய்" என்று சொன்னால், அங்கே என் மரம் இருக்கிறது என்று நானே சொன்ன மாதிரி. ஏரி அரசாங்கத்துடையது. மரம் யாருடையதும் இல்லை, தெரிந்தவனுடையது. அவன் தெரியாதவன் மாதிரி விழித்து, மறுநாள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போகலாம். என் அப்பா கால்நடைச் சந்தையில் தரகு பார்த்தவர். மாடு பிடித்திருக்கிறது என்று அவர் முகம் ஒருநாளும் சொன்னதில்லை. நான் அந்த முகத்தோடு வளர்ந்தவன்.

ஆகவே நான் செய்தது ஒன்றே ஒன்று. மஞ்சள் கயிற்றை எடுத்துவிட்டு ஸ்டீல் கம்பிக் கயிறு போட்டேன். குடுவையையும் புதிதாக மாற்றினேன். நல்ல சரக்கு. நல்ல கயிறு போட்டது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

வென்டலுக்கு முட்டி வலி. படகின் முன்பக்கம் நடந்துபோகச் சோம்பல்பட்டு, உட்கார்ந்த இடத்திலேயே, மோட்டாரை ஒட்டிப் பின்பக்கத்தில் கட்டுவான். பத்து தடவையாவது திட்டியிருக்கிறேன். பின்பக்கம் கட்டின படகுக்குள் அலை நேராக ஏறும். வைக்கோல் கயிறாக இருந்தவரை கவலையில்லை, காற்று ஒரு தள்ளு தள்ளினால் அறுந்து அவனை விட்டுவிடும். கம்பி விடாது. அவன் படகு பழசு, மிதக்க வைக்கும் பஞ்சை அவனே பிய்த்து எறிந்திருந்தான். மிதவைச் சட்டையைப் போட்டுக்கொள்ள மாட்டான், மெத்தையாகப் போட்டு உட்கார்ந்துகொள்வான். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்திருப்பது வேறு, செய்வது வேறு. போன புதன்கிழமை பத்து மணிக்குத் தென்மேற்கிலிருந்து புயல் காற்று வரும் என்று ரேடியோ சொன்னது. அவன் காலை ஆறு மணிக்கு என் கடையில் மூன்று டஜன் மீன்குஞ்சு வாங்கினான். வானிலை எப்படி என்று என்னிடம் கேட்டான். நன்றாகத்தான் இருக்கும் என்றேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை, காத்திருக்கிறேன்.

அவன் வீடு திரும்பவில்லை என்று அவன் மனைவி ஆர்லீன் சொன்னதும் தேடுகிறவர்கள் முதலில் வந்தது என்னிடம்தான். அவன் எப்போதும் பாறைச்சுவர்ப் பக்கம்தான் போவான் என்றேன். அங்கே அவனுடைய மெத்தையும் பெட்ரோல் கேனும் மிதந்ததைக் கண்டுபிடித்தார்கள். அவற்றை அங்கே போட்டது நான். ஆறு நாளாக நீங்கள் அந்த ஒரு பக்கத்தையே சல்லடை போடுகிறீர்கள். ஏரிக்கு ஏழு கிளை உண்டு.

கேன் என் கைக்கு எப்படி வந்தது என்று கேட்கிறீர்கள். நீங்கள் கெட்டிக்காரி. லைல் மகள்தான்.

காற்று அடங்கி, பன்னிரண்டு மணிபோல நான் அங்கே போனேன். மரங்களுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்றுதான். எப்போதும் போல நூறு கஜம் முன்னாலேயே மோட்டாரை நிறுத்தினேன். தெளிந்த தண்ணீரில் சத்தம் போட்டால் மீன் சாயங்காலம் வரை வாய் திறக்காது. படகு தானாக மிதந்து போனது. வென்டல் தண்ணீரில் இருந்தான். அவன் படகு கீழே போய் மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. படகைக் கட்ட அவன் கொண்டுவந்த கயிற்றின் மிச்சம் அவன் கணுக்காலில் சுற்றியிருந்தது. பெட்ரோல் கேனைக் கட்டிப் பிடித்திருந்தான். இரண்டு மணி நேரமாக.

"எம்மெட்டா? கடவுளே, நீயாடா. கால் மாட்டிக்கிச்சுடா. கத்தி வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன்."

"அறுத்து விடுடா. கை மரத்துப்போச்சு."

"இந்த இடம் யார் யாருக்குத் தெரியும்?" என்றேன்.

அவனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு சிரிக்கப் பார்த்தான். "உன்னுதுன்னு முதல் நாளே தெரியும்டா. அதான் மாசத்துக்கு ரெண்டு தரம், அதுக்கு மேல வர்றதில்ல. யார்கிட்டயும் மூச்சு விடலடா. ஆர்லீனுக்கே தெரியாது. எங்க அம்மா மேல சத்தியம்."

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குப் பேரம் பேசத் தெரியாது, அதுதான் அவனுடைய குறை. பாதி ஊருக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் காப்பாற்றுவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை, கத்தியை எடுத்திருப்பேன். அவனாகவே தன் கையில் இருந்த ஒரே சரக்கை இலவசமாகக் கொடுத்துவிட்டான்.

கொக்கிக் கழியை நீட்டினேன். அவனைப் பிடிக்கத்தான் நீட்டுகிறேன் என்று நினைத்து, "நன்றிடா" என்றான். கேனின் கைப்பிடியில் கொக்கியை மாட்டினேன். வெடுக்கென்று இழுக்கவில்லை. மெதுவாகத் தூக்கினேன்.

அதிக நேரம் ஆகவில்லை. அவன் கீழே போவது கடைசிவரை தெரிந்தது, தண்ணீர் அவ்வளவு சுத்தம். பிறகு மெத்தையைப் பொறுக்கிக்கொண்டு, கொண்டுபோன சாண்ட்விச்சைச் சாப்பிட்டேன். அப்புறம் நரம்பை விட்டேன். பதினொரு இழுப்பு. இவ்வளவு கலவரத்துக்குப் பிறகு மீன் நிற்குமா என்று எனக்கே சந்தேகம். இருபது நிமிஷத்தில் தக்கை சாய்ந்தது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மீனுக்காக ஒருத்தனைக் கொன்றான் என்று ஊர் பேசும். அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பேச்சு. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. வாரத்தில் ஆறு மீனுக்கு மேல் நான் சாப்பிடுவதுகூட இல்லை.

ஆர்லீன் தினமும் கடைக்கு வருகிறாள். தேடப் போகிறவர்களுக்கென்று நேற்று பீச் பழம் அடைத்த பலகாரம் சுட்டுக்கொண்டு வந்தாள். முதல் துண்டை எனக்கு வைத்தாள். "அவர் இருக்க மாட்டார்னு தெரியும், எம்மெட். எங்கேன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். எடுத்துப் புதைச்சிட்டா நான் தூங்கிருவேன்" என்றாள். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. பலகாரம் நன்றாக இருந்தது.

பிறகு உங்கள் ஆள் ஒருவர் கடைக்கு வந்து, நாளைக் காலை தலைநகரத்திலிருந்து தண்ணீருக்கடியில் இருப்பதைக் காட்டுகிற ஸோனார் கருவி வைத்த நான்கு படகு வருகிறது, ஏழு கிளையையும் அடி விடாமல் படம் பிடிக்கப்போகிறார்கள் என்றார். என் மரங்களோடு அந்தப் படம் உங்கள் சுவரில் தொங்கும். போகிற வருகிறவன் எல்லாம் பார்ப்பான். அப்போதுதான் இங்கே வருவது என்று முடிவு செய்தேன். மனசாட்சி உறுத்தியது என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆக, எழுதுங்கள். வென்டல் ஸ்ட்ரௌடைக் கொன்றது நான். யாரும் தூண்டவில்லை, குடிபோதை இல்லை. கையெழுத்துப் போடுகிறேன், வக்கீல் வேண்டாம். இனி யாரையும் தேட வேண்டிய அவசியம் இல்லை. அந்த நாலு படகையும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அந்த மேப்பை மடித்து வையுங்கள், மேடம். பேனாவும் வேண்டாம். இடத்தைச் சொல்ல மாட்டேன் என்று நான் எங்கே சொன்னேன்? அக்டோபரில் குளிர் வந்ததும் ஏரித் தண்ணீர் மேல் கீழாகப் புரளும். அந்தக் கோடு கலைந்துவிடும், மீன் மரத்தை விட்டுக் கிளம்பிவிடும். அப்போது நானே வந்து படகை நேர்மேலே நிறுத்திக் காட்டுகிறேன். மூன்றே மாதம். கீழே நல்ல குளிர்ச்சி, வென்டலுக்கு ஒன்றும் ஆகாது. ஆர்லீனைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இப்போதுதான் மீன் நன்றாகக் கூடியிருக்கிறது.