காபி இயந்திரம் இருந்த இடம்

குளிர்சாதன இயந்திரத்துக்குச் சொந்த அறிவு கிடையாது. சுவரில் பதித்த சின்ன உணர்கருவி சொல்வதை அப்படியே நம்பும். அதனருகே சூடு இருந்தால், கட்டடமே வேகிறது என்று நினைத்துக் குளிரைக் கொட்டிக்கொண்டே இருக்கும். டெக்சாஸ் எல்லையில் உள்ள எங்கள் காவல் நிலையத்தில், அந்த உணர்கருவிக்கு நேர் கீழே காபி இயந்திரத்தை நகர்த்தி வைத்தவன் நான். வேறெதையும் தொடவில்லை. குளிரின் அளவை வைக்கும் திருகு, சட்டம் சொன்ன இடத்திலேயே இருந்தது.

ஆற்றைக் கடந்து வருகிறவர்களை அடைக்கும் அறைகளில் சிமெண்டு பெஞ்சு மட்டும்தான். அடித்தால் தழும்பு விழும், வழக்கு வரும். குளிருக்குத் தழும்பு இல்லை. பெரும்பாலோர் தாமாகவே ஊர் திரும்பக் கையெழுத்திட்டுவிடுவார்கள். என் தாத்தாவும் இதே ஆற்றை நீந்தி வந்தவர்தான். அவர் யாரிடமும் போர்வை கேட்டதில்லை.

இலவசச் சட்ட உதவி வக்கீல் மெரடித், உள்ளே இருப்பவர்களுக்காகப் பை நிறையக் காலுறைகளோடு வருவாள்.

"இது லாக்கப்பா, கறிக்கடை ஃப்ரீசரா, ஆபீசர்?"

"சுவத்துல நம்பரைப் பாருங்க மேடம். புழுங்குதுன்னுதான் காட்டுது. உங்களுக்குத்தான் குளிர்ஜுரம் போல."

எண்ணைப் பார்த்துவிட்டுக் காலுறைகளைக் கொடுக்கப் போய்விடுவாள்.

ஹோண்டுராஸிலிருந்து வந்த தெல்மியிடம் அவள் சொல்லிவிட்டுப் போனாள்: "திங்கக்கிழமை வர்றேன். அதுவரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போட்றாத."

தெல்மி அதைப் பிடித்துக்கொண்டாள். மடியில் மகன் ஓஸ்மான்.

"ஐயா, புள்ளைக்கு நெஞ்சு இழுக்குது. ஒரு போர்வை குடுங்கய்யா."

"கையெழுத்துப் போடு. உங்க ஊர்ல நல்ல வெயில் அடிக்குதாம்."

"அங்க போனா, இவங்கப்பனக் கொன்னவங்க இவனையும் கொன்னுருவாங்க."

எல்லோரும் சொல்லும் கதை. அழுவதில்கூடப் புதுமை இல்லாத ஜனங்கள்.

ஞாயிறு காலை போய்ப் பார்த்தேன். அவள் கிசுகிசுத்தாள்: "சத்தம் போடாதீங்கய்யா. இழுப்பு நின்னு இப்பத்தான் தூங்குறான். எந்திரிச்சதும் டாக்டர்கிட்ட காட்டணும்."

பையனின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். பிறகு பேனாவை நீட்டினேன்.

"கையெழுத்துப் போடு. டாக்டரக் கூப்பிடறேன்."

போட்டாள். அவன் இறந்துவிட்டான் என்று தெரிந்தே வாங்கினேன். கையெழுத்து வாங்காமல் விட்டிருந்தால் திங்கட்கிழமை வக்கீல் வந்து, வேலையெல்லாம் வீணாகியிருக்கும்.

குளிரை அவர்களுக்கென்று நான் தனியாக வைக்கவில்லை. அதே கட்டடத்தில், அதே குளிரில் நானும்தான் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் கோட்டு இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.