காலை நீட்டாதவர்

பெரியார் நிலையத்தில் பஸ் கிளம்பியதுமே, எனக்கு முன்சீட்டில் இருந்த கண்ணாடிக்காரர் பக்கத்து நண்பரிடம் சத்தமாகப் புலம்பினார்.

“எம்புட்டுக் கெஞ்சினாலும் படுக்க மாட்டேங்கிறாரு மாப்ள.”

பாதி பஸ் திரும்பிப் பார்த்தது.

“யாருடா?” என்றார் நண்பர்.

“மனசு சரியில்லன்னு என்கிட்ட வர்ற பேஷண்ட். அவரு சோபால படுத்து மனசுல வர்றதெல்லாம் பேசணும், நான் பின்னால உக்காந்து கேக்கணும். அதான் வைத்தியமே. ‘டாக்டர் உக்காந்திருக்கையில நான் காலை நீட்டவா’ங்கிறாரு.”

“சரியாத்தானே சொல்றாரு?”

“எனக்கு ஆன்லைன்ல பயிற்சி குடுக்குற லண்டன் வாத்தியார் ஒத்துக்கலையே. அது மரியாதை இல்லையாம், அப்பா மேல உள்ள கோவமாம்.”

“பயிற்சியில நீயும் அந்த வாத்தியார்கிட்ட படுத்துத்தானே பேசணும்?”

கண்ணாடிக்காரரின் குரல் இறங்கிவிட்டது.

“வாத்தியார் முன்னால எப்படிடா படுக்குறது? சுவத்துல தலகாணிய வச்சுச் சாஞ்சுக்கிருவேன். கேமராவுல படுத்த மாதிரியே தெரியும். மூணு வருசமா சம்மணம்தான்.”

“அப்ப உனக்கும் உங்கப்பா மேல கோவமா மாப்ள?”

கண்ணாடிக்காரர் சட்டென்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“கப்பலூர் வந்துருச்சு, எந்திரி.”

பஸ் இன்னும் பழங்காநத்தத்தையே தாண்டவில்லை.