ஒருவரையும் கொல்லாத பீரங்கி

“படுங்கோ! படுங்கோ!”

கத்துகிறேன். கணவரின் கழுத்தைப் பிடித்துப் புல்லில் தள்ளுகிறேன். அவருக்கு மேல் விழுகிறேன். வாய்க்குள் மண். செல் குத்தும் சத்தம், எறிகணை கிளம்பும் சத்தம், கேட்டாயிற்று. இனிக் கூவும். பிறகு விழும். காத்திருக்கிறேன்.

கூவவில்லை.

யாரோ கைதட்டுகிறார்கள்.

“எழும்பும். செல் இல்லை. வெறும் வெடி,” என்கிறார் கணவர், எனக்குக் கீழே கிடந்தபடி.

இது சுவிஸில் துன் நகருக்கு மேலே ஒரு மலைப் புல்வெளி. 2016, புரட்டாதி. நான் ஹோட்டல் சமையலறையில் வேலை. அங்கே நடந்த ஒரு விழாவுக்கு சூப் கொண்டுவந்தோம். கணவர் வான் ஓட்டினார். முதலாம் உலகப் போர்க்காலத்து மலைப்பீரங்கி ஒன்றைக் காட்டினார்கள். குழல் ஒரு குதிரையில். சக்கரங்கள் இன்னொன்றில். பழைய சீருடைக்காரர்கள் இறக்கிப் பூட்டினார்கள். அழகாகத்தான் இருந்தது. ஒலிபெருக்கியில் ஜெர்மனில் ஏதோ சொன்னார்கள். சுடப்போகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

என் கை அவரது சட்டைக் கொலரை விடவில்லை. விரல்களை அவர்தான் பிரித்தெடுத்தார். எனக்குப் பயம் இல்லை. அழுகை இல்லை. ஒன்றும் இல்லை.

பீரங்கிக்காரர் ஒருவர் வந்தார். நரைத்த மீசை. தொப்பியைக் கழற்றினார். மெதுவாகக் கேட்டார். கணவர் தமிழில் சொன்னார்.

“எந்த இடத்துச் சண்டை எண்டு கேக்கிறார்.”

“முள்ளிவாய்க்கால் எண்டு சொல்லுங்கோ.”

அந்தப் பெயர் அந்த மனிதருக்குத் தெரியவில்லை. பீரங்கியைக் காட்டி ஏதோ சொன்னார்.

“இது எல்லையில காவலுக்கு நிண்டதாம். ஒருத்தரையும் கொல்லேல்லையாம்.”

பீரங்கிக்காரர் திரும்பிப் போய், நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தினார். இரண்டாவது வெடியை அவர்கள் வெடிக்கவில்லை. பீரங்கியைக் கழற்றிக் குதிரைகளில் ஏற்றினார்கள். சனம் முணுமுணுத்தபடி சூப்புக்கு வரிசையில் நின்றது. அள்ளிக் கொடுத்தேன்.

இறங்கி வரும் வழியில் கணவர் வானை ஓரமாக நிறுத்தினார். அவர் தொண்ணூறுகளிலேயே இங்கே வந்தவர். நான் 2011இல் கலியாணம் செய்து வந்தேன். அன்றுவரை அவர் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

“அங்க ஆரார் போனவை? சொல்லும்.”

சொன்னேன். 2009 வைகாசி. ஒரே செல். பதுங்குகுழி வாசலில் விழுந்தது. அம்மா. தங்கச்சி சுகந்தி. அவளுடைய ஆண் குழந்தை. பிறந்து ஒரு கிழமை ஆகவில்லை. பெயர் வைக்கவில்லை. என் இடது காது.

மூன்று பேர். அப்பா தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். திரும்பி வரவில்லை. அவரைச் சேர்த்தால் நாலு.

நான் இன்னும் சேர்க்கவில்லை.