நிப்பாட்டினா கெளம்பாது

— இல்லங்கண்ணே, நிப்பாட்ட முடியாது. நிப்பாட்டினா கெளம்பாது.

— என்னடா வீரய்யா, தொரசாணி சொன்னத நான் வந்து சொல்றேன், நீ எனக்கே சட்டம் பேசுற. பகல்ல கரண்ட் இஞ்சின் ஓட வேணாம். அந்திக்கு சாப்பாட்டு நேரத்துல ரெண்டு மணித்தியாலம் ஓடினாப் போதும். மிச்ச எண்ணெய வியாழக்கெழமைக்கு வச்சுக்கணும். அன்னிக்கு அந்திக்குத் தொர கொழும்புலருந்து வர்றார், கேட்டியா? வர்ற நேரம் பங்களா இருட்டாக் கெடக்கக் கூடாது. இதுல ஒனக்கு எது புரியல?

— புரியாம இல்லங்க. இது கெழட்டு இஞ்சின். மெயின் கரண்ட் வந்ததுலருந்து நாலு வருசமா சாக்கப் போத்திக்கிட்டுக் கெடந்துச்சு. புயலுக்கு மறுநாளு இத எழுப்பப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சூடு ஆறிப்போச்சுன்னா அப்புறம் எவ்வளவு சுத்தினாலும் இருமிட்டுப் படுத்துக்கும்.

— கரண்ட் வர்றதுக்கு முந்தி ஆறு வருசம் இதே இஞ்சின நீதான் காலையில நிப்பாட்டி அந்தியில கெளப்புன. அப்பல்லாம் இருமலயா?

— அப்ப அதுக்கு வயசு இருந்துச்சுங்க.

— ஒனக்கு வாய் இருக்கு. இந்தா, இந்தப் பால் சொம்ப வாங்கு. பங்களாவுல மிஞ்சிப்போச்சு.

— ஞாயித்துக்கெழமையும் மிஞ்சிச்சுன்னு கொண்டாந்தீங்க. நேத்தும் மிஞ்சிச்சு.

— தொர இல்ல, குடிக்க ஆளு இல்ல, மிஞ்சத்தானே செய்யும். வாங்கி வைடா, கை வலிக்குது.

— அப்புண்ணே, கரண்ட்டு ஏதாச்சும்...

— என்ன கரண்ட்டு?

— வந்துருச்சாங்க? வந்தாத் தெரியட்டும்னு மெயின் லைன்ல ஒரு பல்பு ஒங்க சமையக்கட்டுல மாட்டிவச்சிருந்தேன்ல. எரிஞ்சதும் வந்து சொல்லுங்கன்னு சொன்னேன்.

— இன்னக்கி எரியல. அடுப்புக்கு மேலதான் தொங்குது, ரொட்டி சுடும்போதெல்லாம் அதையேதான் பாத்துக்கிட்டு இருக்கேன்.

— கீழ் டிவிசன் பங்களாவுல நேத்து அந்தியில வெளக்கு எரிஞ்சத அழகன் பாத்தானாம். அதான் கேட்டேன்.

— அவங்களும் இஞ்சின் வச்சிருப்பாங்க. அழகனுக்குக் கொழுந்தெடுக்க மட்டக்கம்பு புடிக்கத் தெரியாது, அடுத்தவன் வீட்டு வெளக்கு மட்டும் நல்லாத் தெரியுது. நீ பேச்ச மாத்தாத. நிப்பாட்டு.

— ஐஸ் பெட்டி இருக்குதுங்களே. தொரசாணி நத்தார் பெருநாளுக்கு வாங்கிவச்ச வான்கோழி கெட்டுப்போகுமே.

— மாதாவே, இந்த மார்கழிக் குளிருல வான்கோழிய வேலிக்கம்பியில கட்டித் தொங்கவிட்டாலும் வெறச்சுத்தான் கெடக்கும். ஐஸ் பெட்டியே வெளிய நின்னா அதுக்குக் கம்பளி கேக்கும். வேற என்ன காரணம் வச்சிருக்க?

— காரணம் ஒண்ணும் இல்லங்க.

— சரி, நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு. பதினோரு நாளு முந்தி இந்த மூலையில ஒரு எண்ணெப் பீப்பாயும் ரெண்டு சாக்கும்தான் கெடந்துச்சு. இப்ப ஆறு சாராயப் போத்தலு நிக்குது. நீ சாராயம் தொடமாட்ட. எல்லாத்துக்கும் பழைய கம்பளித் துண்ட வேற சுத்தியிருக்க. எதுக்கு?

— தண்ணி ஊத்தி வைக்கங்க. இஞ்சின் தொட்டித் தண்ணி கொதிச்சிரும், அத எறக்கி எறக்கி...

— எறக்கிக் கம்பளி சுத்தி வைப்பியா? சூடு ஆறக்கூடாதுன்னு? அந்தப் பேட்டரி ரூம் நெலையில கவ்வாத்துக் கத்தி தொங்குது. இஞ்சின்காரனுக்குத் தேயில வெட்டுற கத்தி எதுக்குடா?

— பெல்ட்டு அறுக்கங்க.

— பெல்ட்டு அறுக்குற கத்திய ஆணி அடிச்சு, வாய வாசலப் பாக்கவச்சுத்தான் மாட்டுவாங்களா? நகரு. ஒன்னால முடியாட்டி நானே நிப்பாட்டுறேன். அந்தத் திருகுதானே?

— அண்ணே, தொடாதீங்க. ஒங்க கால்ல விழுறேன், அதத் தொடாதீங்க.

— இந்தாங்க, போதும். அவருகிட்ட மறைச்சது போதும். அப்புண்ணே, நாந்தான் உள்ள இருக்கேன், பேச்சியம்மா.

— நீ எதுக்கு வாயத் தொறக்குற புள்ள? நான் பேசிக்கிட்டுத்தானே இருக்கேன்.

— நீங்க பேசுற லெச்சணத்துக்கு அவரு இஞ்சின நிப்பாட்டிட்டுப் போயிருவாரு. அண்ணே, உள்ள வாங்க. தீட்டுன்னு நெனைக்காட்டி வந்து பாருங்க. எம்புள்ள இருக்கு.

— எனக்கு என்ன தீட்டு. கதவ நல்லாத் தொற, இருட்டா இருக்கு. மாதாவே. பேச்சி, இது என்ன, என் கை நீளங்கூட இல்லையே.

— ரெண்டு மாசம் முந்தியே வந்துருச்சுண்ணே. புயல் அடிச்ச மூணாம் நாளு, லயத்துக் கூரத் தகரம் பறந்தப்ப எனக்கு வலி கண்டுருச்சு. மருத்துவச்சி இசபெல் அக்கா பேக்டரியிலருந்து தேயிலத் தூளு நிறுக்குற தராச வாங்கியாந்து நிறுத்துச்சு. மூணு றாத்தல் இல்ல.

— பொம்பளப் புள்ளையா?

— ஆமாண்ணே. பாலு சப்பத் தெம்பு இல்ல. பஞ்சுல தொட்டுத்தான் விடுறேன். நீங்க கொண்டாந்த பாலக் காய்ச்சி நான் குடிக்கிறேன், அதுலதான் எனக்குப் பாலு ஊறுது.

— அடுப்பு மூட்டி லயத்துலயே வச்சுக்கிட்டா என்ன? பக்கத்துக் காம்பராவுல ஒரு எடம் கெடைக்காதா?

— காம்பரா கெடைக்கும்ண்ணே, காஞ்ச வெறகு கெடைக்காது. பதினோரு நாளா நனஞ்சு கெடக்கு, மூட்டினா பொகதான் வருது. இதுக்கு முந்தி எனக்குப் பொறந்த ரெண்டும் பொகையிலதான் இருமி இருமிப் போச்சு. ஒங்களுக்குத் தெரியுமே. இசபெல் அக்கா கையப் புடிச்சுச் சொல்லுச்சு, பொக இல்லாத சூடு வேணும் பேச்சி, ஒரு நாளு ஆறினாலும் புள்ள தங்காதுன்னு. பொக இல்லாத சூட்டுக்குத் தோட்டத்துல நான் எங்க போவேன்?

— அப்பத்தாங்க எனக்குத் தோணுச்சு. இஞ்சின் பொகையெல்லாம் கொழாய்ல வெளிய போயிருது. இந்த ரூம் செவுரு அந்தப் பக்கத்து இஞ்சின் சூட்டுல எப்பவும் வெதுவெதுன்னு இருக்கு. ஒரு மணிக்கு ஒருக்கா தொட்டித் தண்ணிய எறக்கி ஆறு போத்தல்ல ஊத்தி, புள்ளையச் சுத்தி அடுக்கி வச்சிருவேன். இஞ்சின் நின்னா தண்ணி ஆறிரும். தண்ணி ஆறினா... அவ்வளவுதாங்கண்ணே.

— எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லத் தோணலியா வீரய்யா? எட்டு நாளா தெனம் ரெண்டு தடவ இந்த வாசல்ல வந்து நிக்கிறேன். கேக்குறேன்ல.

— நான் சொல்றேண்ணே. அவரு சொல்லமாட்டாரு. போன வருசம் நம்ம லயத்துச் சோலைமலை, கொட்டில் ஒழுகுதுன்னு பங்களாக் குப்பையிலருந்து ரெண்டு பலக எடுத்தான். அதத் தொரகிட்டச் சொன்னது நீங்கதானே. மறுநாளு காலையில பேரு கூப்புடுற பெரட்டுல வச்சே அவனுக்குப் பத்துச்சீட்டு, வேல போச்சு. பொண்டாட்டி புள்ளையோட கெளம்பிப் போனான். இப்ப கினிகத்தேனையில கடையில மூட்ட தூக்குறானாம். அதுக்கப்புறம் ஒங்ககிட்ட யாருண்ணே எதையும் சொல்லுவா?

— பேச்சி, போதும் விடு. அண்ணன் மேல குத்தம் சொல்ற நேரமா இது.

— சொல்லட்டும்டா. சொல்லட்டும். தொர கேட்டாரு, பலக எங்க போச்சுன்னு. எனக்குத் தெரிஞ்சத நான் சொன்னேன். ஏசி விட்டுருவாருன்னுதான் நெனச்சேன், சத்தியமா. சீட்டக் கிழிச்சுக் குடுப்பாருன்னு நெனைக்கல. அன்னிக்குச் சோலைமலை பொண்டாட்டி சட்டி பானையத் தலையில வச்சுக்கிட்டு சமையக்கட்டு ஜன்னல் வழியாப் போச்சு. என்னப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. ஏசியிருந்தாக்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். சரி, புள்ளைய எப்ப டிக்கோயா ஆசுபத்திரிக்குக் கொண்டுபோறதா இருக்கீங்க?

— ரோட்டுல சரிஞ்ச மண்ண பொதங்கெழம பொழுதுக்குள்ள அள்ளிருவாங்களாம். வியாழக்கெழம காலையில பேக்டரி லொறி போகுதுங்க. டிரைவர் முத்துலிங்கம் முன்சீட்டுல ஏத்திக்கிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காரு. இசபெல் அக்காவும் கூட வருது. ஆசுபத்திரியில இந்த மாதிரிப் புள்ளைங்கள சூட்டுப் பெட்டியில வைக்கிறாங்களாம்.

— இன்னக்கி செவ்வா. அப்ப இன்னும் ரெண்டு நாளு.

— ஆமாங்க. பீப்பாயில குச்சி விட்டுப் பாத்தேன். நிப்பாட்டாம ஓட்டினா வியாழக்கெழம விடிய வரைக்கும் எண்ணெ தாங்கும். அதுக்கு மேல ஒரு சொட்டு மிஞ்சாது.

— அன்னிக்கு அந்திக்குத் தொர வருவாரு. வந்து, பங்களா ஏன் இருட்டாக் கெடக்கு, ஒரு பீப்பா எண்ணெ எங்க போச்சுன்னு கேப்பாரு.

— கேப்பாருங்க.

— என்ன சொல்லுவ?

— என்ன சொல்லங்க. நாந்தான் எரிச்சேன்னு சொல்லுவேன். பத்துச்சீட்டு குடுத்தா வாங்கிக்கிறேன். அதுக்குள்ள எம்புள்ள டிக்கோயா போய்ச் சேந்துரும்ல.

— அவரு சும்மா சொல்றாருண்ணே. நேத்து முழுக்க ஒரு வாய் சோறு எறங்கல அவருக்கு. சீட்டு கிழிஞ்சா குடியிருக்குற காம்பராவும் போயிரும். பச்சப் புள்ளையத் தூக்கிக்கிட்டு நாங்க எந்த ரோட்டுல நிப்போம்? ஊருக்குப் போன்னா, நான் பொறந்தது இந்த லயத்துல, எங்க அம்மா பொறந்ததும் இந்த லயத்துல. வேற ஊரு எனக்குத் தெரியாது.

— அழாத பேச்சி. பச்ச ஒடம்புக்காரி அழக்கூடாது. இந்தப் போத்தல் ஆறிப்போச்சு பாரு. இப்பிடிக் குடு, நான் மாத்துறேன். வீரய்யா, தொட்டித் தண்ணிய எப்பிடி எறக்குற?

— அண்ணே, கை பொள்ளிரும். குடுங்க.

— முப்பது வருசமா அடுப்புல நிக்கிற கை, பொள்ளாது. கம்பளித் துண்ட நல்லாச் சுத்து. கால் பக்கத்துக்கு ஒண்ணு வை. தலைப்பக்கம் கிட்ட வேணாம், சுட்டுரும். ஆ, அப்பிடித்தான். பாரு, கண்ணத் தொறக்குது.

— சூடு வந்தா தொறக்கும்ண்ணே. அது ஒண்ணுதான் இப்ப அதுக்குத் தெரியும்.

— பேரு வச்சாச்சா?

— இல்லண்ணே. முந்தின ரெண்டுக்கும் ஒடனே வச்சோம். இதுக்கு டிக்கோயா போய்ச் சேரட்டும்னு இருக்கோம்.

— அப்புண்ணே, தொரசாணிகிட்ட என்ன சொல்லப் போறீங்க? தெரிஞ்சுக்கிட்டா நானும் அதுக்குத் தக்கபடி இருப்பேன்.

— நீ சொன்னதத்தான் சொல்லப் போறேன். கெழட்டு இஞ்சின், நிப்பாட்டினா கெளம்பாது, கெளம்பாட்டி தொர வர்ற வரைக்கும் மெழுகுதிரிதான்னு. தொரசாணிக்கு இருட்டுன்னா பயம். சரி ஓடட்டும்னு சொல்லிரும்.

— அண்ணே...

— கால்ல கைய வைக்காதடா. ஏற்கெனவே இடுப்பு வலி எனக்கு.

— பங்களாக்காரருன்னு ஒங்கள என்னென்னமோ நெனச்சிட்டோம்ண்ணே. நான் கொஞ்சம் கூடப் பேசிட்டேன்.

— உள்ளதத்தானே சொன்ன. விடு.

— எனக்கும் ஒண்ணு மனசுல உறுத்துதுங்க. சொல்லிர்றேன். இந்தப் பக்கத்துல இருக்குற அம்புட்டுச் சனமும் கரண்ட் வரணும், கரண்ட் வரணும்னு வேண்டிக்கிட்டு இருக்கு. வந்துருச்சுன்னா அந்த நிமிசமே இஞ்சின நிப்பாட்டச் சொல்லிருவாங்கன்னு, நான் மட்டும் வியாழக்கெழம வரைக்கும் வரக்கூடாதுன்னு மாரியாத்தாவுக்கு நேந்துகிட்டேன். பாவந்தாங்க. ஆனா இதுவரைக்கும் ஆத்தா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா.

— என்ன நேந்த?

— மூணு தேங்காங்க.

— அதுல ஒண்ண எங்கிட்டக் குடுத்துரு.

— ஒங்ககிட்டயா? ஏண்ணே, நீங்க வேதக்காரரு ஆச்சே.

— சம்பல் அரைச்சுக்கிறேன். வியாழக்கெழமையப் பத்தி நீ கவலப்படாத. தொர கார் வாசலுக்கு வர்றப்ப பங்களா முழுக்க வெளக்கு எரியும், யாரும் ஒங்கிட்ட எண்ணெயப் பத்திக் கேக்கமாட்டாங்க.

— ஒரு சொட்டு எண்ணெ இல்லாம எப்பிடிங்கண்ணே எரியும்?

— பச்சப்புள்ளைக்குக் காவலா கத்திய வெளிய பாக்க மாட்டினா பேய்க்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்ச பாரு, அது ஒன் தப்பு. நீயா சொல்லுவியான்னு பாக்கத்தான் இன்னக்கித் திருகத் தொடப் போனேன். ஞாயித்துக்கெழம காலையில ஒன் பல்பு எரிஞ்சுச்சு. சொல்லிட்டுப் போகலாம்னு இங்க எறங்கி வந்தேன். கத்தியப் பாத்தேன், உள்ள பேச்சி தாலாட்டுப் பாடுறதக் கேட்டேன். திரும்பிப் போயி மெயின் சுவிச்ச நாந்தான் எறக்கி வச்சேன்.