மூன்றாவது ஒலி

சாயங்காலம் ஐந்து மணி. இருட்டி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. ஜனவரி கடைசி வாரம். பனிநாட்டு நகரமான குவோப்பியோவிலிருந்து வடக்கே போகும் சாலையில், பெட்ரோல் பங்கைத் தாண்டியதும் காட்டுக்குள் ஒரு பாதை பிரியும். பதினான்கு கிலோமீட்டர். நடுவில் ஒரு வீடு கிடையாது. ஒரு விளக்கு கிடையாது. கார் வெளிச்சம் படும் இடத்தில் மட்டும் மரங்கள்... அது போனதும் அவையும் இல்லை.

அந்தப் பாதையில் தனியாகக் கார் ஓட்டிப் போனவள் சைலா. பிரிட்டாவை உங்களுக்குத் தெரியும். அவளுடைய தங்கைதான் சைலா. இதைச் சொன்னதும் பிரிட்டாதான். கதை கட்டுகிற ஆள் இல்லை அவள்.

பக்கத்து இருக்கையில் ஒரு லேப்டாப். சைலாவின் கணவன் எஸ்கோவுடையது. எஸ்கோ இறந்து பதினான்கு மாதம்.

எஸ்கோ ஒலி செய்து விற்றவன். கம்ப்யூட்டருக்குள் ஓடும் சிந்தசைசர் ஒன்று இருக்கிறது. திரையில் நூறு குமிழ்கள். எதை எவ்வளவு திருகினால் என்ன சத்தம் வரும் என்று நாள் கணக்கில் உட்கார்ந்து பார்ப்பான். பிடித்தது வந்தால் குமிழ்கள் நின்ற நிலையைச் சேமித்து வைப்பான். அதுதான் பிரீசெட். வாங்கியவர்கள் தங்கள் கம்ப்யூட்டரில் அதைப் போட்டுக்கொண்டால் குமிழ்கள் தாமாக அதே இடத்தில் போய் நிற்கும். நன்றாக ஒன்று அமைய ஒரு நாள் ஆகும். சில நேரம் ஒரு வாரம்.

தொழிலில் அவனுக்குக் கூட்டாளி பெர்ட்டு. எஸ்கோ, சைலா, பெர்ட்டு மூவரும் ஒரே பள்ளி, ஒரே வகுப்பு.

எஸ்கோ ஏரியில் போனான். டிசம்பர் மூன்றாம் தேதி, மாலை ஆறரைக்கு மேல். அவனும் பெர்ட்டுவும் அக்கரையிலிருந்து உறைந்த ஏரியின் மேல் நடந்து வந்தார்கள். காலையில் பனிக்கட்டியைத் துளைத்து அளந்து பார்த்திருந்தார்கள். அளந்த இடத்தில் கெட்டியாகத்தான் இருந்தது. அளக்காத இடத்தில் அடியில் நீரோட்டம். எஸ்கோ முன்னால் போனவன், உள்ளே விழுந்தான்.

பெர்ட்டு போலீஸிடம் சொன்னது இது. நான் குப்புறப் படுத்தேன். கையை நீட்டினேன். எஸ்கோ பிடித்துக்கொண்டான். கால் மணி நேரம் பிடித்திருந்தேன். பிறகு விரல் மரத்துவிட்டது. அவன் நழுவிவிட்டான்.

மறுநாள் உடலை எடுத்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகை பெர்ட்டுவின் படத்தைப் போட்டது. சைலா பத்திரிகையைப் படிக்கவில்லை. அவளுக்கு ஒன்று போதுமாக இருந்தது. கடைசியில் எஸ்கோவின் கைக்குள் இன்னொரு கை இருந்தது. அவன் தனியாகச் சாகவில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் பதினான்கு மாதம் எழுந்தாள், வேலைக்குப் போனாள், தூங்கினாள்.

அன்று சைலா போய்ச் சேர்ந்தது பெர்ட்டுவின் வீட்டுக்கு, அந்த ஏரிக்கரையிலேயே. உள்ளே ஈரக் கம்பளி வாடை. சூட்டிலேயே கிடந்து கசந்துபோன காபி வாடை. ஆள் இளைத்திருந்தான். ஆனால் வாய் மாறவில்லை.

"லேப்டாப்பைக் குழந்தை மாதிரி தூக்கிட்டு வர்றே. என்ன ஆச்சு அதுக்கு?"

விற்கப் போவதாகச் சொன்னாள். விற்குமுன் துடைக்கலாம் என்று பார்த்தால், திரையிலேயே ஏழு பிரீசெட்கள் கிடக்கின்றன. இதுவரை வெளிவராதவை. சிந்தசைசரைத் திறந்தால் கடவுச்சொல் கேட்கிறது. அவன் கடைசியாகச் செய்ததை ஒரு தடவை கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

பெர்ட்டு பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"வைக்க வேண்டிய ஃபோல்டர்ல என்னைக்கு வச்சான் அவன்? பேராவது வச்சானா பாரு. பெத்த பிள்ளைங்களுக்கு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டிருக்கான் சோம்பேறி."

சைலாவும் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு.

சிந்தசைசரைப் புதிதாக இறக்கி நிறுவ அரைமணி ஆனது. பெர்ட்டு ஏழு கோப்புகளையும் பிடித்து உரிய ஃபோல்டருக்குள் போட்டான். சிந்தசைசரின் பட்டியலைப் புதுப்பித்தான். அடியில் ஏழு வரிகள் சேர்ந்தன.

அப்போதுதான் அவன் கை நின்றது.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே அது சேமிக்கப்பட்ட நேரம் இருந்தது. ஏழுக்கும் ஒரே தேதி. டிசம்பர் மூன்று. முதலாவது மாலை 6:41. கடைசி 6:58.

"அன்னைக்கு இந்த லேப்டாப் எங்க இருந்துது?"

"வீட்டுல. சமையல் மேசை மேல."

"யாராவது தொட்டீங்களா?"

"மூடித்தான் இருந்துது. பன் சுட்டுட்டு சூடான தட்டை அது மேலதான் வச்சேன். எஸ்கோ பாத்தா திட்டுவான்னு நினைச்சேன்."

பெர்ட்டு அந்த நேரங்களை மறுபடி ஒரு தடவை பார்த்தான். பிறகு, கடிகாரம் தப்பாக இருக்கும் என்றான். இருக்கும் என்றாள் சைலா.

பதினேழு நிமிடத்தில் ஏழு ஒலிகளை எவனாலும் செய்ய முடியாது. அது இருவருக்கும் தெரியும்.

பெர்ட்டு பியானோக் கட்டைகள் வைத்த கீபோர்டை இணைத்தான். அதன் இடது ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சக்கரம் உண்டு. ஒலி செய்கிறவர்கள் அந்தச் சக்கரத்தை வெறுமனே விட மாட்டார்கள். விட்டால் கௌரவக் குறைச்சல். எஸ்கோ எப்போதும் அதில் ஃபில்டரைத்தான் வைப்பான். சக்கரம் கீழே இருந்தால் சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். மேலே தள்ளத் தள்ளத் தெளியும்.

முதலாவது. சைலா ஒரு கட்டையை அழுத்தினாள். அடங்கிய ஒரு அதிர்வு. சக்கரத்தைத் தள்ளினாள். சாட்டை சொடுக்கியதுபோல ஒரு சத்தம்... நீளமாக ஓடி எங்கேயோ தூரத்தில் முடிந்தது. ஏரிக்கரையில் வளர்ந்தவர்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டாம். பனிக்கட்டி பிளக்கும் சத்தம்.

இரண்டாவது. தண்ணீர். கொட்டும் தண்ணீர் இல்லை. மேலே மூடிக்கொள்ளும் தண்ணீர்.

பெர்ட்டு எழுந்தான். காபி போடுகிறேன் என்றான். போடவில்லை. அங்கேயே நின்றான்.

மூன்றாவது. டொம்... டொம்... டொம்... உச்சந்தலைக்கு மேலிருந்து. சைலா அறையின் கூரையைப் பார்த்தாள். சக்கரத்தைத் தள்ளினாள். ஒவ்வொரு டொம்முக்குள்ளும் சின்னதாக ஒரு கிரிச். பூட்ஸுக்கு அடியில் மாட்டும் முள் பட்டை பனிக்கட்டியில் குத்தும் சத்தம். காலடிகள். வேகமான காலடிகள். கட்டையை அழுத்திப் பிடித்திருக்கும் வரை அவை போய்க்கொண்டே இருந்தன. சிறிதாகி... இன்னும் சிறிதாகி...

பெர்ட்டுவின் கை வந்து சக்கரத்தைக் கீழே இழுத்தது.

"இது கீழேருந்து கேக்குது," என்றாள் சைலா. "பனிக்கட்டிக்குக் கீழ இருந்து மேல கேட்டா இப்படித்தான் இருக்கும்."

"வெறும் இரைச்சல் சைலா. இதுல பதிவு பண்ணின சத்தம் எதுவும் கிடையாது. எல்லாம் நம்பர்தான். குமிழ் எங்க நிக்குதுங்கிற கணக்கு."

"குமிழைத் திருகினது யாரு?"



அவள் அவன் கையை எடுத்துவிட்டு மிச்சத்தையும் கேட்டாள். அந்தக் காலடிகள் திரும்பி வரும் என்று காத்திருந்தாள். பெர்ட்டு சொன்னபடி அவன் வந்து படுக்க வேண்டும். எங்கேயாவது ஒரு கை வர வேண்டும். நான்காவதில் தட்டும் சத்தம், உள்ளேயிருந்து, மூடிய முஷ்டியால். ஐந்தாவதில் அதே சத்தம், விட்டு விட்டு. ஆறாவதில் ஒரே ஒரு தடவை. ஏழாவதில் ஒன்றுமில்லை. சக்கரத்தை உச்சிவரை தள்ளியும் ஒன்றுமில்லை.

விறகு அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது.

"நீ எவ்வளவு நேரம் அவன் கையைப் பிடிச்சிட்டிருந்தே?"

பெர்ட்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மறுபடி ஒரு விரிசல் விட்டுது," என்றான். "என் காலுக்கு அடியில. காலு தானா ஓடிருச்சு."

"அவன் கூப்பிட்டானா?"

"கூப்பிட்டான்."

"நீ திரும்பிப் பார்த்தியா?"



சைலா அவனைத் திட்டவில்லை. அழவும் இல்லை. லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டாள். பதினான்கு கிலோமீட்டரும் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டினாள். காலடிச் சத்தம் காதில் இருந்தது. போய்க்கொண்டே இருந்தது.

அதன்பின் பெர்ட்டு மூன்று தடவை கூப்பிட்டான். அவள் எடுக்கவில்லை. தூக்கம் போயிற்று. தன் வீட்டில் வந்து இரு என்று பிரிட்டா கெஞ்சினாள், சைலா போகவில்லை. கண்ணை மூடினால் எஸ்கோ அடியிலிருந்து தட்டிக்கொண்டிருந்தான். மேலே யாருமே இல்லை.

ஒன்பது நாள் கழித்து ஒரு சனிக்கிழமை. மாலை ஆறரை தாண்டியிருக்கும். வெளியே மைனஸ் இருபத்திநான்கு. இந்த ஏழையும் அழித்துவிட்டால்தான் தனக்கு விடிவு என்று முடிவு செய்து லேப்டாப்பைத் திறந்தாள். எஸ்கோவின் பழைய கீபோர்டை இணைத்தாள். அழிக்குமுன் மூன்றாவதை ஒரு தடவை... ஏன் என்று அவளுக்கே தெரியாது. வேறு எதையும் விட அதில்தான் ஏதோ மிச்சம் இருப்பதாகத் தோன்றியதாம்.

அழுத்தினாள்.

டொம்.

இடைவெளி.

டொம்.

மெதுவாக இருந்தது. சக்கரத்தைத் தள்ளினாள். கிரிச்... கிரிச்... இந்த முறை காலடிகள் தூரத்தில் தொடங்கின. ஒவ்வொன்றும் கொஞ்சம் பெரிதாகக் கேட்டது. நடந்து வருகிறார்கள். ஓடவில்லை. அவசரமில்லாமல், நேராக, அவளை நோக்கி.

நேர் மேலே வந்து நின்றன.

கட்டையிலிருந்து விரலை எடுத்தாள். சத்தம் நிற்கவில்லை. துணி உரசும் சத்தம். ஜிப் பனிக்கட்டியில் கீறும் சத்தம். யாரோ முட்டி போடுகிறார்கள். பிறகு வயிற்றை வைக்கிறார்கள். பிறகு முழு உடம்பும் படிகிறது. பிறகு ஒரு குரல். குரல் என்று சொல்ல முடியாது, காற்றைக் குரல் மாதிரி வளைத்தது போல...

"எஸ்கோ."

சைலா லேப்டாப்பை அறைந்து மூடினாள். போனை எடுத்துப் பெர்ட்டுவைக் கூப்பிட்டாள். அவள் காதில் மணி போயிற்று. ஒன்று. இரண்டு.

மூடிய லேப்டாப்புக்குள்ளும் மணி அடித்தது. மங்கலாக. கனமான ஏதோ ஒன்றுக்கு அந்தப் பக்கமிருந்து. பெர்ட்டுவின் போனில் ஒரு குயில் கூவும், அந்த மணி. அவள் போனைத் துண்டித்தாள். குயிலும் நின்றது.

அவசர எண்ணுக்குச் சொன்னாள். எங்கே தேட வேண்டும் என்றும் சொன்னாள்.

பிரிட்டாவின் கணவன் ஊர்த் தீயணைப்புக் குழுவில் இருக்கிறான். முதலில் போய்ச் சேர்ந்தவன் அவன்தான். கரையிலிருந்து ஒற்றை ஆளின் தடம். திரும்பி வந்த தடம் இல்லை. ஏரி நடுவில், எஸ்கோ விழுந்த இடத்தில், பெர்ட்டு குப்புறப் படுத்திருந்தான். உயிர் இல்லை. முகம் அமைதியாக இருந்ததாம். போன் சட்டைப் பையில் இருந்தது. வலது கை முன்னால் நீண்டிருந்தது, விரல்கள் எதையோ பிடித்த மாதிரி மடங்கி.

அந்த இடத்தைத் துளைத்துப் பார்த்தார்கள். ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர் பனிக்கட்டி. லாரி போகலாம். சுற்றிலும் இருநூறு மீட்டருக்குத் தேடினார்கள். ஒரு ஓட்டை இல்லை. ஒரு விரிசல் இல்லை.

அவன் உடுப்பெல்லாம் காய்ந்து விறைத்திருந்தது. வலது கையில் மட்டும் தோள்வரை ஈரம். ஸ்ட்ரெச்சரில் ஏற்றியபோது அந்தச் சட்டைக் கையிலிருந்து, மைனஸ் இருபத்திநான்கில், தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.