வலியை வழிமறித்த டாக்டர் நொர்மா எச்செவெரிக்கு விடைகொடாத மடல்

என் இரு கண்கள் மீதும், இன்னும் என்னிடமே உள்ள இரு சிறுநீரகங்கள் மீதும் ஆணையிட்டுச் சொல்கிறேன்: இம்மடலின் ஒவ்வொரு சொல்லும் அறுவை அரங்கில் நானே நேரில் கண்ட உண்மை.

விலாவில் ஊசி நாட்டி வலியை வாயடைக்க வைத்த வித்தகியே! அல்ட்ராசவுண்ட் கருவியின் சாம்பல் திரையில் எங்களுக்கு மழைமேகமாய்த் தெரிவது, தங்களுக்கு மட்டும் தசையாகவும் நரம்பாகவும் தெரியும் கூர்விழியே! சால்தோ மருத்துவமனையின் மயக்கமருந்துத் துறைக்கு முப்பத்தோராண்டு கண்ணுறங்காக் காவலே!

தாங்கள் வருமுன், சிறுநீரகம் எடுக்கப்பட்டோர் மார்ஃபின் மயக்கத்தில் மூன்று நாள் வாந்தியெடுத்துக் கிடந்தனர். முதுகுத் தசைகளின் இடுக்கில் தாங்கள் மரப்பு மருந்தைப் பாய்ச்சத் தொடங்கிய பின்னரோ, அன்று மாலையே எழுந்து நடந்தனர். சூப்பில் உப்பில்லையென்று சண்டையும் பிடித்தனர்.

மாடு மேய்க்கும் தோன் எலெயூத்தேரியோவை மறப்போமா! விடிந்ததிலிருந்து எதுவும் குடிக்கக் கூடாதென்று சொல்லியிருந்தும், மேசையில் படுத்தபடி மாத்தே என்னும் எங்களூர் இலைத்தேநீர்க் குடுக்கையைக் கட்டிப்பிடித்து, குழலை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"என்ன தாத்தா, குடிக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"ஒரு சொட்டுக்கூட குடிக்கலம்மா."

"அப்ப கையில இருக்கறது?"

"இது மாத்தேம்மா! இதைப் போய் யாராவது குடிக்கறதுல சேப்பாங்களா?"

அறுவையைப் பிற்பகலுக்குத் தள்ளிவைத்தீர்கள்; குடுக்கையையும் பறித்துக்கொண்டீர்கள். முடிந்து விழித்தவரோ விலாவைத் தட்டிப் பார்த்துக் கொதித்தார்.

"எங்கம்மா வலி? அறுக்காமலே தையல் போட்டு ஏமாத்தறீங்களா? எடுத்ததைக் காட்டுங்க!"

காட்டினோம்.

"இது என்னுதில்ல. என்னுது இன்னும் சிவப்பா இருக்கும்."

"சரி தாத்தா, போய்க் கடையில மாத்திட்டு வரேன். அதுவரைக்கும் படுங்க."

படுக்கவில்லை. வடிகுழாய்ப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கத்தரி எடுத்துக்கொடுக்கும் செவிலியோடு இரண்டு மிலோங்கா ஆடி முடித்தார். மூன்றாவதற்குச் செவிலிக்குத்தான் மூச்சு வாங்கியது.

இத்தகைய கைகள் இன்று ஓய்வுபெறுகின்றன, அம்மையே! வருகிற செவ்வாய்க்கிழமை என் இடது சிறுநீரகத்தை எடுக்கப் போகிறார்கள். தங்கள் இடத்துக்கு வந்துள்ள டாக்டர் பெரெய்ரா நல்லவர், நகம் வெட்டிய, சுத்தமானவர். ஆயினும் சென்ற வாரம் என் விலாவில் கருவியை வைத்து நெடுநேரம் உருட்டியவர், "ம்... இங்கதானே இருக்கணும்?" என்றார். எது என்று கேட்காமலே சட்டையை மாட்டிக்கொண்டு நழுவிவிட்டேன். அன்றுமுதல் உறக்கம் இல்லை.

தங்களிடம் முறையிட்டபோது, "செவ்வாய்க்கிழமை நான் ஆரஞ்சு பறிச்சிட்டிருப்பேன், லார்ரோசா. பெரெய்ரா பாத்துக்குவான்யா, பயப்படாதே" என்றீர்கள். ஆரஞ்சு நான்கு நாள் கூடுதலாகக் கிளையில் தொங்கினால் அழுகிவிடாது, தாயே! பணி ஓய்வை நான்கே நான்கு நாள் தள்ளிவைத்து, ஓர் ஊசி, ஒரே ஓர் ஊசி போட்டுவிட்டுப் போங்கள்!

அதன்பின் நூறாண்டு நோயின்றி, மூட்டுவலியும் முதுகுவலியும் தங்கள் தெருப்பக்கமே தலைகாட்டாமல் வாழ்க!

அன்பும் அச்சமும் கலந்து,
அறுவைப் பிரிவுப் பணியாளர்கள்.

எழுதி வாசிப்பவன்: நெல்சன் லார்ரோசா, தள்ளுவண்டி ஊழியன். முப்பத்தொன்பது ஆண்டுகளாக நோயாளிகளை அரங்கின் கதவுவரை மட்டுமே கொண்டுபோய் விட்டவன். செவ்வாய்க்கிழமைதான் முதன்முறையாக உள்ளே போகிறான்.