மேற்படி பச்சோந்தியின் இடது கண்

பெயர்: ஈர்யா ஹுக்கா. வயது: 61. தொழில்: பள்ளிச் சமையற்கூட ஊழியர். விலாசம்: கயானி நகரம், ஆற்றங்கரைச் சாலை, 14ஆம் எண் கட்டடம், இரண்டாம் மாடி, 9ஆம் வீடு. விசாரணைப் பொருள்: பிப்ரவரி 17ஆம் தேதி பிற்பகல் மேற்படி வீட்டின் கதவு காவல்துறையினரால் உடைத்துத் திறக்கப்பட்டது சம்பந்தமாக. பதிவு செய்த நாள்: மார்ச் 5, காலை 10.15.

நான் மேற்படி விலாசத்தில் பதினோரு வருடங்களாகத் தனியாகக் குடியிருந்து வருகிறேன். எனக்குத் திருமணமாகி விவாகரத்து ஆகிவிட்டது. முன்னாள் கணவர் பெயர் தௌனோ ஹுக்கா, வயது 64, வாடகைக் கார் ஓட்டுநர். அவர் வீடு இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி பல்தமோவில் இருக்கிறது. விவாகரத்துக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு கிடையாது. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் மகள் மில்கா மூலமாகச் சொல்லி அனுப்புவோம்.

மில்கா கடல் ஆராய்ச்சிக் கப்பலில் வேலை செய்கிறாள். கடந்த நவம்பரில் ஆறு மாதப் பயணமாகப் புறப்பட்டபோது, தான் வளர்த்துவந்த பச்சோந்தியை என் பொறுப்பில் விட்டுச் சென்றாள். அது ஏமன் நாட்டு வகை, ஆண், மூன்று வயது, தலையில் கொண்டை உண்டு, நல்ல நாளில் பச்சை நிறம். அதன் பெயர் உக்கோ. எங்கள் பக்கத்தில் உக்கோ என்று கிழவனையும் சொல்வார்கள், கட்டிய புருஷனையும் சொல்வார்கள். அது தள்ளாடித் தள்ளாடி நடப்பதைப் பார்த்து மில்கா வைத்த பெயர் அது. பெயரில் வேறு உள்நோக்கம் எதுவும் இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஜனவரி நடுப்பகுதி வரை மேற்படி பச்சோந்தி நன்றாக இருந்தது. காலையில் விளக்கைப் போட்டதும் ஒரு கண்ணை என் மேலும் இன்னொரு கண்ணைப் பூச்சி டப்பாவின் மேலும் வைத்திருக்கும். ஜனவரி 20ஆம் தேதி கூண்டிலிருந்த புற ஊதா விளக்கு எரியாமல் போயிற்று. இங்கே அந்த மாதத்தில் வெயில் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. விளக்கு இல்லாமல் அது வாழாது என்று மகள் எழுதி வைத்திருந்தபடியால் நான் அன்றே கடைக்குப் போய்ச் சுருள் வடிவ விளக்கு ஒன்றை வாங்கிவந்து, கதகதப்பாக இருக்கட்டும் என்று அது உட்காரும் கிளைக்கு ஒரு சாண் உயரத்தில் மாட்டினேன். பெட்டியில் அச்சிட்டிருந்ததை நான் படிக்கவில்லை. மூக்குக்கண்ணாடி சமையலறையில் இருந்தது.

பிப்ரவரி 3ஆம் தேதி காலை அதன் இடது கண் மூடியிருப்பதைப் பார்த்தேன். தூங்குகிறது என்று நினைத்தேன். பச்சோந்தி பகலில் கண்ணை மூடினால் அது தூக்கம் அல்ல, நோய் என்பது எனக்கு அப்போது தெரியாது. அதன் பிறகு 5ஆம் தேதி வலது கண்ணும் மூடிக்கொண்டது. பூச்சியை முகத்துக்கு நேரே பிடித்தும் நாக்கு நீளவில்லை. அது முன்காலை நீட்டிக் காற்றில் துழாவித்தான் அடுத்த கிளையைக் கண்டுபிடித்தது. 8ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இடது கண் கொண்டைக்கடலை அளவுக்கு வீங்கி, உடம்பு முழுவதும் கரும்பழுப்பாக மாறியிருந்தது. ஊர்வன பார்க்கும் மருத்துவர் குவோப்பியோவில்தான் இருக்கிறார். அது காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அன்று வெளியே மைனஸ் இருபத்தாறு. பேருந்துக்கு நிற்கும் பத்து நிமிடத்தில் அது செத்துவிடும்.

அதன் பிறகு நான் தௌனோவைத் தொலைபேசியில் அழைத்தேன். எண் எனக்கு மனப்பாடமாக இருந்தது.

"யாரு?" என்றார்.

"ஈர்யா."

"யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல. கார் வேணும்" என்றேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் வந்தார். இந்த வீட்டின் வாசலை அவர் தாண்டியது அதுவே முதல் முறை. கூண்டுக்கு முன்னால் குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது உயிரோடதான் இருக்கா?" என்று கேட்டார்.

"மெதுவாப் பேசு. அதுக்குக் காதுல விழும்."

"பச்சோந்திக்குக் காதே கிடையாது, ஈர்யா."

"உனக்கும்தான் கிடையாது. நான் இருபத்தஞ்சு வருஷம் பேசலையா?"

இதற்கு அவர் சிரித்தார். அதன் பிறகு பச்சோந்தியை ஒரு அட்டைப் பெட்டியில் வைத்து, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டி ஒன்றையும் பக்கத்தில் வைத்து மூடினோம். தௌனோ தன் கம்பளிக் கோட்டைக் கழற்றிப் பெட்டியைச் சுற்றிக் கட்டினார். கட்டட வாசலிலிருந்து கார் வரைக்கும் வெறும் சட்டையோடு நடந்தார். குவோப்பியோ போய்ச் சேரும் வரை கோட்டைத் திருப்பிக் கேட்கவில்லை.

மருத்துவர் பெல்டோ என்பவர், பெண்மணி, சுமார் நாற்பது வயது இருக்கலாம். அவர் பச்சோந்தியை விளக்கடியில் வைத்துப் பார்த்தார். அதன் பிறகு என் கைபேசியில் இருந்த கூண்டின் படத்தைப் பார்த்தார். "இந்த விளக்கை யாரு இவ்வளவு கிட்ட மாட்டினது?" என்று கேட்டார். நான் என்று சொன்னேன். மேற்படி விளக்கால் கண் வெந்திருப்பதாகவும், உரிந்த தோல் இமைக்குள் சிக்கி அதில் சீழ் பிடித்திருப்பதாகவும் அவர் கூறினார். பார்வை வருமா என்று கேட்டதற்கு, "பத்து நாள் பாப்போம். கண்ணு திறக்கலைன்னா அதால குறி வெச்சு இரை பிடிக்க முடியாது. அப்புறம் அதை வதைக்கக் கூடாது, புரியுதில்ல?" என்றார். புரிந்தது என்றேன். இந்த நிலைமைக்கு முழுக் காரணம் நானே என்று எழுதிக்கொள்ளும்படி இன்று கேட்டதற்கு, அதற்குச் சட்டப்பிரிவு எதுவும் இல்லை என்று அலுவலர் தெரிவித்தார். ஆயினும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சிகிச்சை வருமாறு. விளக்கை உடனே மாற்ற வேண்டும். தினம் மூன்று வேளை, குளியலறையில் ஒரு செடியின் மேல் அதை உட்கார வைத்து, வெதுவெதுப்பான தண்ணீர் சுவரில் பட்டுத் தூறலாகத் தெறிக்கும்படி இருபது நிமிடம் விட வேண்டும். அப்போதுதான் அது தானாகக் கண்ணை உருட்டிக் கழுவிக்கொள்ளும். அதன் பிறகு சொட்டு மருந்து, அதன் பிறகு ஊசி இல்லாத பீச்சுக்குழலால் வாயில் கூழ். "ஒருத்தர் பிடிக்கணும், ஒருத்தர் விடணும். தனி ஆளாச் செய்ய முடியாது. வீட்டுல இன்னொருத்தர் இருக்காங்களா?" என்று மருத்துவர் கேட்டார். நான் "இல்லை" என்று சொன்ன அதே நேரத்தில் தௌனோ "இருக்கேன்" என்றார்.

10ஆம் தேதி முதல் சிகிச்சை தொடங்கியது. நான் பள்ளியில் விடுப்பு எடுத்துக்கொண்டேன். தௌனோ தன் சவாரிகளைச் சிகிச்சை வேளைகளுக்கு இடையில் வைத்துக்கொண்டு, பல்தமோவுக்குப் போய்வர நேரம் இல்லாதபடியால் என் வீட்டுச் சோபாவில் படுத்துக்கொண்டார். காலை ஏழு, பகல் ஒன்று, மாலை ஏழு என்று ஒரு வேளையும் தவறவில்லை. பச்சோந்தி எங்களைப் பார்த்துச் சீறியது. முதல் நாளே தௌனோவின் கட்டைவிரலைக் கடித்துவிட்டது. "வீட்டுல எல்லாரும் ஒரே மாதிரி" என்று அவர் சொன்னார். 14ஆம் தேதிக்குப் பிறகு அது சீறுவதையும் நிறுத்திவிட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

17ஆம் தேதி செவ்வாய்க்கிழமை பகல் ஒரு மணிக்குக் குளியலறையில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது, பச்சோந்தி கிளையிலிருந்து பிடி நழுவித் தரையில் விழுந்தது. அசையவில்லை. தௌனோ இரண்டு கைகளாலும் ஏந்தி எடுத்தார். அப்போது நான் சத்தம் போட்டேன். எவ்வளவு சத்தம் என்று எனக்கு நினைவில்லை. பக்கத்து வீட்டில் இருக்கும் வெய்க்கோ ரஸ்தாஸ், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், தன் புகாரில் குறிப்பிட்டுள்ள சொற்கள் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. "உக்கோ, கண்ணைத் திறடா, என்னை விட்டுட்டுப் போயிடாதே" என்று நான் சொன்னது உண்மை. "தௌனோ, கெட்டியாப் புடி, கழுத்தை இறுக்காதே" என்று சொன்னதும் உண்மை. "ரெண்டு சொட்டுக்கு மேல போச்சுன்னா ஆளு காலி" என்று தௌனோ சொன்னதும் உண்மை. "காலு நாலையும் சேத்துப் புடி" என்றும் நான் சொன்னேன். அது புகாரில் இல்லை. அது தன் காதில் விழவில்லை என்கிறார் வெய்க்கோ.

நான் வேறொரு ஆளோடு சேர்ந்துகொண்டு வயதான கணவரைக் குளியல் தொட்டியில் வைத்துக் கொலை செய்வதாக அவர் அவசர எண்ணுக்குத் தெரிவித்திருக்கிறார். என் வீட்டில் தொட்டி கிடையாது. வாசல் மணி அடித்தது தண்ணீர்ச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை. கதவு உடைந்த சத்தம் கேட்டது. அதன் பிறகு இரண்டு காவலர்கள் குளியலறை வாசலுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர், இதைப் பதிவு செய்துகொண்டிருக்கும் அலுவலர் ஹொல்மா அவர்களே. அவர் அங்கே இருந்தார் என்றாலும், முறைப்படி நான் சொல்லித்தான் எழுத வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

"கையை மேல தூக்குங்க!" என்று ஹொல்மா சொன்னார்.

"முடியாதும்மா, கையை எடுத்தா விழுந்துடுவான்" என்று தௌனோ சொன்னார்.

"முதல்ல கதவைச் சாத்துங்க, குளிர் வருது" என்று நான் சொன்னேன்.

இரண்டு காவலர்களும் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். அது ஒரு ஆள் நிற்கும் குளியலறை. நான்கு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் சுவரில் பட்டு எல்லார் மேலும் தெறித்தது. சுமார் மூன்று நிமிடம் கழித்து, தௌனோவின் உள்ளங்கையில் கிடந்த பச்சோந்தியின் இடது கண் மெல்லப் புடைத்தது. உள்ளே போயிற்று. மறுபடி புடைத்து ஒரு சுற்றுச் சுற்றியது. இமையின் ஓரத்திலிருந்து வெங்காயச் சருகு போல ஒரு தோல் வெளியே வந்தது. ஹொல்மா அதைக் கவனித்து, "அங்க பாருங்க, அங்க பாருங்க" என்றார். அதன் பிறகு இமையின் நடுவில் கடுகளவு ஒரு துளை திறந்தது. உள்ளே கறுப்பாக ஒன்று அசைந்து, என்னைப் பார்த்தது, தௌனோவைப் பார்த்தது, அலுவலரின் தொப்பியைப் பார்த்து அங்கேயே நின்றது.

"என்னையத்தான் பாக்குறான்" என்று அலுவலர் ஹொல்மா கூறினார். இதையும் எழுத வேண்டுமா என்று அவர் இப்போது கேட்டார். எழுத வேண்டும் என்றேன்.

அதன் பிறகு நான் அழுதேன். தௌனோவும் அழுதார். தண்ணீர் தெறித்தது என்று அவர் சொல்கிறார்.

அன்று மாலை மில்காவோடு கைபேசியில் முகம் பார்த்துப் பேசினோம். எங்கள் இருவரையும் ஒரே திரையில் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. "என்னம்மா, யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாள். அப்பாவைப் போலவே. இல்லை, ஒருத்தன் பிழைத்துவிட்டான் என்று சொன்னேன்.

18ஆம் தேதி வலது கண் திறந்தது. 19ஆம் தேதி காலை வெய்க்கோ ஏலக்காய் பன் எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க வந்தார். காபி குடித்தார். அதன் பிறகு தானும் ஒரு தடவை இரை காட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். இடுக்கியில் பூச்சியைக் கொடுத்தேன். பச்சோந்தி இரண்டு கண்களையும் ஒன்றுசேர்த்து முன்னால் திருப்பி, கிளையில் உடம்பை முன்னுக்குத் தள்ளி, பதினாறு நாட்களுக்குப் பிறகு முதல் முறையாக நாக்கை வீசியது. பூச்சி போய்விட்டது. வெய்க்கோ இடுக்கியைக் கீழே போட்டுவிட்டு, "எடுத்துட்டான்! என் கையில இருந்து எடுத்துட்டான்!" என்று மாடி முழுவதும் கேட்கும்படி கத்தினார். அந்தச் சத்தத்துக்கு எவரும் காவல்துறையை அழைக்கவில்லை.

வெய்க்கோ மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் ஆபத்தில் இருப்பதாக நினைத்தார், சும்மா இருக்கவில்லை. அப்படிப்பட்டவர் பக்கத்து வீட்டில் இருப்பது எனக்குச் சம்மதம். கதவு சம்பந்தமாகவும் எனக்குப் புகார் இல்லை. பூட்டு மறுநாளே மாற்றப்பட்டது. பச்சோந்தி தற்போது பச்சையாக இருக்கிறது.

சொட்டு மருந்து 19ஆம் தேதி மாலையோடு முடிந்தும், தௌனோ ஹுக்கா இன்றுவரை மேற்படி வீட்டிலேயே தங்கியிருப்பது ஏன் என்று அலுவலர் கேட்டார். நான் போகச் சொல்லவில்லை. அவரும் புறப்படவில்லை. சோபாவில் படுத்தால் அவருக்கு முதுகு வலிப்பதால், 22ஆம் தேதி முதல் அவர் சோபாவில் படுப்பதில்லை. இது சம்பந்தமாக இதற்கு மேல் நான் சொல்ல எதுவும் இல்லை.

இதில் கண்ட சங்கதிகள் யாவும் நடந்தது நடந்தபடியே என்னால் சொல்லப்பட்டவை. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது, சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) ஈர்யா ஹுக்கா

பதிவு செய்தவர்: கைசா ஹொல்மா, காவல் அலுவலர், கயானி